இரண்டாவது சிவப்புச் சட்டை

என் புருஷன் சாந்திங் சாவதில் கெட்டிக்காரன். இதை நான் சொல்லவில்லை, படம் எடுக்கிறவர்களே சொல்வார்கள். கதாநாயகன் தாமியான் லகுனா துப்பாக்கியைத் தூக்கினால் முதலில் விழுகிறவன் சாந்திங்தான். கூரையிலிருந்து விழுவான், ஓடுகிற ஜீப்பிலிருந்து உருளுவான், மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குள் தலைகுப்புறப் போவான். ஒரே படத்தில் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு தரம், மீசை ஒட்டிக்கொண்டு இன்னொரு தரம் செத்ததும் உண்டு. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடியாளின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

மலபோன் என்ற கடலோர ஊரில் எங்கள் சந்துக்கு மட்டும் அந்த முகம் தெரியும். வாசலில் நான் நூடுல்ஸ் கடை போட்டிருந்தேன். சாப்பிட வருகிறவர்களுக்குத் தொட்டுக்கொள்ள என் வீட்டுக்காரன்தான்.

"என்ன லுமிங், நேத்து தியேட்டர்ல உன் புருஷன் செத்தானே, சாவு வீட்டுக் காப்பி எப்போ ஊத்துவே?"

"செத்தவன் உள்ளே சோறு தின்னுட்டிருக்கான். அவனையே கேளு."

இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். சாவு எங்கள் வீட்டில் ஒரு தமாஷாகிவிட்டிருந்தது. சாயங்காலம் அவன் வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வியே, "இன்னிக்கு எப்படிச் செத்தே?" என்பதுதான். அவன் செருப்பைக் கழற்றாமலே நடித்துக் காட்டுவான். அவன் அம்மா, என் மாமியார் சியோன், மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "வயித்தைப் புடிச்சுக்கிட்டு விழாதேடா, போன வாரமும் அப்படித்தான் விழுந்தே" என்று குறை சொல்வாள்.

தாமியான் லகுனாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. எங்கள் ஊரில் ஏழை பாழை எல்லோருக்கும் அவர் சொந்தக்காரர் மாதிரி. படத்தில் அடி வாங்குவார், குடும்பத்தைப் பறிகொடுப்பார், கடைசியில் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு தனியாளாகக் கிளம்புவார். அந்தச் சட்டை வந்தால் தியேட்டரில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர் சாகக் கூடாது. ஒரே ஒரு படத்தில் செத்தார். தெற்கே ஒரு ஊரில் ஜனங்கள் நாற்காலியைப் பெயர்த்துத் திரைமேல் வீசினார்கள். அதற்குப் பிறகு அவரைக் கொல்ல எந்தக் கம்பெனிக்கும் துணிச்சல் வரவில்லை. இன்னொரு பேரும் அவருக்கு உண்டு. டூப் போட மாட்டார். எத்தனை உயரமானாலும் அவரேதான் குதிப்பார். போஸ்டரிலேயே அதைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். குழந்தைகள் அதை வாய்ப்பாடு மாதிரி சொல்லும்.

அன்றைக்குக் காலையில் சாந்திங் தலையை வழக்கத்துக்கு மேல் நேரமெடுத்துச் சீவினான். எனக்குச் சிரிப்பு வந்தது.

"அடியாளுக்கு எதுக்கு இவ்வளவு சிங்காரம்?"

"இன்னிக்கு நான் சாகலை, லுமிங்."

"அப்போ வேலை இல்லையா?"

"வேலை இருக்கு. சாகிற வேலை இல்லை. யார்கிட்டயும் சொல்லாதே."

"சாகலைன்னு போய் யார்கிட்டச் சொல்லுவேன்? ஒழுங்கா வீடு வந்து சேரு."

அவன் கண்ணடித்துவிட்டுப் போனான். அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் தடுத்திருக்கப் போவதில்லை.

மத்தியானத்துக்கு மேல் சண்டை மாஸ்டர் குலாஸ் வந்தார். வெள்ளைத்துணி போர்த்திய உடலோடு ஒரு வண்டி பின்னால் வந்தது. நான் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

"படகிலேருந்து விழுற ஷாட், லுமிங். அடியாளுங்க எல்லாரும் விழுந்தாங்க. மத்தவங்க மேல வந்தாங்க, இவன் வரல. விபத்தும்மா."

சாந்திங் சாமார் தீவுக் கடற்கரையில் பிறந்தவன். நடக்கும் முன்னே நீந்தியவன் என்று அத்தை பெருமையடிப்பாள். அவனா தண்ணீரில் போனான்? எனக்கு அழுகைகூட வரவில்லை. கணக்கு எங்கோ உதைக்கிறது என்று மட்டும் தோன்றியது.

சவப்பெட்டி செய்கிறவர்கள் அவனுக்கு வெள்ளைச் சட்டை உடுத்திப் பழைய துணிகளை எங்களிடம் கொடுத்தார்கள். அத்தை அவற்றை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பேண்ட்டில் சேறு அப்பியிருந்தது. அடியாள்கள் போடுகிற கறுப்புச் சட்டையில் சேறு இல்லை. அதை மூக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். உப்பு வாசனை இல்லை, சோப்பு வாசனை அடித்தது. மடித்து வைத்த கோடுகூடக் கலையாமல் இருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு எம் புள்ளை தண்ணியில விழல" என்றாள் அத்தை.

மறுநாள் அவள் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு வாங்கி வந்தாள். சவப்பெட்டியின் கண்ணாடிமேல், அவன் முகத்துக்கு நேராக, அதை விட்டு ஒரு பிடி அரிசியைத் தூவினாள். துக்கத்துக்கு வந்து வழக்கம்போலச் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். நோயில் போனவனுக்கும் விபத்தில் போனவனுக்கும் குஞ்சு விடுவதில்லை. கொலையுண்டவனுக்குத்தான் விடுவார்கள். அது அரிசியைக் கொத்தக் கொத்த, கொன்றவன் நெஞ்சையும் கொத்தும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"யாரு அத்தை கொன்னது?" என்று சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாம எதுக்கு ஊரைக் கூட்டறீங்க?"

"எனக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்" என்று குஞ்சைக் காட்டினாள்.

குஞ்சுக்கு என்ன தெரிந்ததோ, கண்ணாடிமேல் எச்சமிடத் தெரிந்தது. நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்கத் துடைக்க அவன் முகம் தெளிவாகத் தெரியும். அது எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் துடைத்தேன்.

அன்று மத்தியானம் குலாஸ் மறுபடி வந்தார். குஞ்சைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லுமிங், அதை எடுத்துடும்மா. தாமியான் சார் இன்னிக்கு வர்றார். பின்னாடியே பேப்பர்காரங்க வந்தாலும் வருவாங்க. இதைப் படம் புடிச்சுப் போட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"படம் நின்னுடும். நம்ம ஆளுங்க எத்தனை பேர் வீட்ல அடுப்பு எரியாது தெரியுமா? சாந்திங்கோட கூட்டாளிங்கதானே எல்லாரும்?"

"சரி, எடுத்துடறேன் அண்ணே. சட்டை ஏன் காஞ்சு கிடந்துச்சுன்னு சொல்லுங்க. எடுத்துடறேன்."

அவர் கையிலிருந்த காப்பியைப் பார்த்தார். அதில் பதில் மிதக்கிறதுபோலப் பார்த்தார். அப்புறம் குடிக்காமலே கீழே வைத்தார்.

நான் போய்க் குஞ்சைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டால் முடிந்தது. அத்தை இரண்டு நாள் பேச மாட்டாள், அவ்வளவுதான். குலாஸ் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பையன்கள் என் கையால் சாப்பிட்டவர்கள். ஆனால் நீந்தத் தெரிந்தவன் ஏன் மேலே வரவில்லை என்று தெரியாமல் அவனை மண்ணில் போட என்னால் முடியாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். குஞ்சை மறுபடி கண்ணாடிமேல் விட்டேன். குலாஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கடல் ஏறித் தெருவுக்குள் வந்துவிட்டது. எங்கள் சந்தில் அது வாடிக்கைதான். பெட்டியை ஏற்கனவே உயரமான பெஞ்சுகளின் மேல் வைத்திருந்தோம். முழங்கால் தண்ணீரில் தாமியான் லகுனா நடந்து வந்தார். பேண்ட்டை மடித்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்திருந்தார். கூட யாருமில்லை. பேப்பர்காரர்களும் இல்லை. சந்து முழுக்க ஜன்னலிலும் பெஞ்சிலும் ஏறி நின்றது. யாரும் கத்தவில்லை. திரையில் பார்த்ததைவிட ஆள் குள்ளம். கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்கியது.

பெட்டிக்கு முன்னால் வந்தவர் குஞ்சைப் பார்த்தார். அது அரிசியைக் கொத்திக்கொண்டிருந்தது. டக் டக் என்று கண்ணாடியில் அதன் அலகு படுகிற சத்தம் அந்த வீடு முழுக்கக் கேட்டது.

அவர் அத்தையிடம் போய்க் குனிந்து அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். பெரியவர்களிடம் எல்லோரும் செய்கிறதுதான். அத்தை கையைக் கொடுத்தாளே தவிர ஆசி சொல்லவில்லை.

"எம் புள்ளை போட்டிருந்த சட்டை எங்கே?" என்றாள்.

குலாஸ் நடுவில் வந்தார். "அம்மா, சார் ரொம்பக் களைச்சு வந்திருக்கார், முதல்ல காப்பி..."

"குலாஸ், நீ சும்மா இரு" என்றார் தாமியான்.

அவர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தட்டிலிருந்து ஒரு சிட்டிகை அரிசி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கண்ணாடிப் பக்கம் நீட்டினார். குஞ்சுக்கு யார் எவரென்றா தெரியும்? தத்தி வந்து அவர் கையில் கொத்தியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி "யேசுவே" என்றாள். அவர் கையை எடுக்கவில்லை. எங்கள் யாரையும் பார்க்காமல் குஞ்சைப் பார்த்தே பேசினார்.

"அந்தக் குதி நான் குதிக்க வேண்டியது, அம்மா. எரியிற படகு மேலேருந்து. எனக்கு இடுப்பு போய் ரொம்ப நாளாச்சு. சாந்திங்தான் குதிப்பான். இதுக்கு முன்னாடியும் குதிச்சிருக்கான். என் சிவப்புச் சட்டை மாதிரியே இன்னொண்ணு அவனுக்கு. வெளியில சொல்லக் கூடாதுன்னு அவன்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தோம். வீட்லகூடச் சொல்ல மாட்டான்."

சாகிற வேலை இல்லை என்று அவன் கண்ணடித்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு அவன் தாமியான். தாமியான் சாக மாட்டார்.

"அவன் குதிச்சதும் தண்ணிக்கு மேல வரக் கூடாது. முகம் தெரிஞ்சுடும். அடியிலயே நீந்திப் படகுக்குப் பின்னாடி போயிடணும். நான் முன்னாடியே தண்ணிக்குள்ள காத்திருப்பேன். அவன் முங்குன இடத்துல நான் எழும்பணும். ஒரே ஷாட். எழும்பினேன்."

குஞ்சு அவர் கையில் மிச்சமிருந்ததைத் தேடியது.

"எழும்பினதும்?" என்று நான் கேட்டேன்.

"கைதட்டினாங்க."

"யாரு?"

"எல்லாரும். கரையில வேடிக்கை பார்க்க வந்த ஜனம், லைட் போடறவங்க, குலாஸ், எல்லாரும். ஷாட் அவ்வளவு நல்லா வந்துடுச்சு. நான் கையை ஆட்டினேன். கரைக்கு வந்து துண்டு வாங்கித் துவட்டிக்கிட்டேன். சிகரெட் பத்த வெச்சேன். சிவப்புச் சட்டைக்காரன் குதிச்சான், சிவப்புச் சட்டைக்காரன் வந்துட்டான். யாருக்கும் வேற யாரையும் தேடத் தோணலை. எனக்கும் தோணலை."

"எப்போ தோணுச்சு?"

"துணிமணி பார்க்கிற பொண்ணு வந்து என் சட்டையை வாங்கிக்கிட்டு, இன்னொரு சட்டை எங்க சார்னு கேட்டா."

அவர் வெறுங்கையை மடக்கிக்கொண்டார்.

"மீன் வளர்க்கக் கட்டின பழைய பட்டியோட மூங்கில் ஒண்ணு அடியில இருந்திருக்கு. சட்டை அதுல மாட்டிக்கிச்சு. பட்டன் எல்லாம் கெட்டியாத் தைச்சது. உடனே ஒருத்தன் குதிச்சிருந்தா... கரைக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சட்டையைக் கழட்டிட்டுக் கறுப்பை மாட்டிட்டாங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். வேணாம்னு சொல்லலை."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவன் செத்ததற்கு வந்ததா, கைதட்டலுக்கு வந்ததா என்று இன்னும் தெரியவில்லை. அடியில் கிடந்து சட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்குமா? கேட்டிருந்தால், ஷாட் நன்றாக வந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டிருப்பான். அவன் அப்படிப்பட்ட முட்டாள்.

தாமியான் பெட்டிமேல் குனிந்து அழுதார். அத்தை சட்டென்று எழுந்து அவர் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். ஊரே பயந்துவிட்டது.

"கண்ணாடிமேல கண்ணீர் விழக் கூடாது. அவன் போற வழி கனத்துடும். அழறதா இருந்தா இப்படித் தள்ளி நின்னு அழு."

அவர் தள்ளி நின்று அழுதார். அத்தை தன் தலைத்துண்டை அவரிடம் கொடுத்தாள். அது இரக்கமா கோபமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். "அந்தக் காட்சியை வெட்டிடச் சொல்றேன்."

"வேணாம் சார்."

"உங்களுக்கு அதைப் பார்க்கிறது..."

"எத்தனையோ படத்துல அவன் செத்ததைப் பார்த்திருக்கேன். சாகாம ஜெயிச்சது இது ஒண்ணுதான். வெட்டாதீங்க. ஆனா குதிச்சது அவன்தான்னு சொல்லுங்க. இங்க சொன்னீங்களே, அதையே வெளியில சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

"சொல்றேன்" என்றார். "பேப்பர்காரங்களைக் கூப்பிட்டு நானே சொல்றேன்."

அவர் கிளம்பினார். துக்க வீட்டில் வந்தவரை வாசல்வரை வழியனுப்பக் கூடாது, நன்றியும் சொல்லக் கூடாது. அன்றைக்கு அந்த வழக்கம் எனக்கு வசதியாகப் போயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மெதுவாகப் போனார். ஒரு கையை மார்பில் வைத்திருந்தார். அத்தையும் பார்த்தாள். "கொத்துது" என்றாள்.

மறுநாள் சாந்திங்கைப் புதைத்தோம்.

குஞ்சை அத்தை வைத்துக்கொண்டாள். அது கொழுத்த சேவலாயிற்று. சண்டைக்கு விடலாம் என்று ஒருத்தன், சூப்பு வைக்கலாம் என்று இன்னொருத்தன். அத்தை யாரையும் கிட்டே விடவில்லை. "இதுக்கு இன்னும் வேலை முடியல" என்பாள்.

முடியத்தான் இல்லை. தாமியான் பேப்பர்காரர்களைக் கூப்பிடவில்லை. முதலில் படப்பிடிப்பு முடியட்டும் என்றார்கள். பிறகு படம் வெளிவரட்டும் என்றார்கள். குலாஸ்தான் சேதி கொண்டு வருவார். வரவர அவர் வருவதும் குறைந்தது. கடைசியாக வந்தபோது நூடுல்ஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு மனசு இருக்கு லுமிங். ரெண்டு தரம் கிளம்பினார். கம்பெனிக்காரங்க விடல. டூப்புன்னு தெரிஞ்சா தெற்கே ஒரு டிக்கெட் விக்காதாம்."

"மனசு இருந்து என்ன பண்ண? அதையும் கறுப்புச் சட்டை போட்டு மூடிட்டீங்க."

அவர் எழுந்து போய்விட்டார். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம். அவருக்கும் வாழ வேண்டியிருந்தது. தாமியானைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்கவும் மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் அவர் நல்ல மனிதராக இருந்தார். வெளியே போனதும் தாமியான் லகுனா ஆகிவிட்டார்.

படம் வந்தது. எங்கள் சந்தின் முனைச் சுவரிலேயே போஸ்டர் ஒட்டினார்கள். எரிகிற படகு, சிவப்புச் சட்டை, கீழே கொட்டை எழுத்தில், டூப் இல்லை. அத்தை அதைக் கடந்து மார்க்கெட்டுக்குப் போவாள், வருவாள். கிழிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், உடையை மாற்றாமல் என்னைப் பார்த்து, "வா, போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றாள்.

தியேட்டர் நிரம்பி வழிந்தது. ஆரம்பத்தில் ஓடிய பெயர்களில் அடியாள்கள் பெயரெல்லாம் ஒரே கொத்தாக வந்தது. சாந்திங் பெயரைத் தேடுவதற்குள் போய்விட்டது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. "இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்று சொன்னேன்.

பிறகு படகு வந்தது. தீ எழும்பியது. சிவப்புச் சட்டை முதுகைக் காட்டிக்கொண்டு விளிம்பில் நின்றது. தியேட்டரே எழுந்து கத்தியது. எனக்கு அந்த முதுகைத் தெரியும். எத்தனை வருஷம் அதற்குத் தைலம் தேய்த்திருக்கிறேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். குதிக்கும் முன் தொடையில் ஒரு தட்டு தட்டிக்கொண்டான். அது தாமியானிடம் இல்லாத பழக்கம். ஒவ்வொரு முறை சாவதற்கு முன்னாலும் அவன் தட்டிக்கொள்வான். அழகாகக் குதித்தான். நான் பார்த்ததிலேயே அழகான குதி அது. அப்படிப் பெருமைப்பட்டதற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

தண்ணீர் மூடிக்கொண்டது. அப்புறம் தாமியான் தலை எழும்பியது. கைதட்டலும் விசிலும் காதைப் பிளந்தன. காலால் தரையை உதைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் திருப்தியாக உட்கார்ந்தார்கள்.

அத்தை உட்காரவில்லை.

"இருங்கடா" என்றாள். "இன்னும் ஒருத்தன் உள்ளே இருக்கான்."

"உக்காருங்கம்மா, மறைக்குது" என்றான் பின்னால் இருந்தவன். "அவர்தான் வந்துட்டாரே."

"இன்னும் ஒருத்தன் வரணும்."

சுற்றிலும் சிரித்தார்கள். யாரோ வேர்க்கடலைத் தோலை எறிந்தார்கள். அவள் கையைப் பிடித்து உட்கார வைக்கத்தான் எழுந்தேன். எழுந்தவள் திரையைப் பார்த்தேன். தாமியான் கரையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் படகடியில் கறுத்த தண்ணீர் கொஞ்சம் தெரிந்தது. அது அசைந்துகொண்டிருந்தது. நானும் அத்தையின் கையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். திரையில் அந்தத் தண்ணீர் தெரிந்தவரை நாங்கள் இரண்டு பேரும் உட்காரவில்லை.